எடைமேடைக் கணினியிலிருந்து பழைய பைத்தானை நீக்குவது எப்படி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராய், லூனாஸ் பக்கம் செம்பனைக் குலை வாங்கும் ரேம்ப்புகளில் எடைமேடைக்குப் பக்கத்து அறையில் ஒரு பழைய கணினி இருக்கும். பெரும்பாலும் விண்டோஸ்தான். ஆனால் லைசென்ஸ் செலவு வேண்டாம் என்று எப்போதோ உபுண்டுவோ டெபியனோ போட்டு, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொடுத்த இடங்களும் உண்டு. லோரி உள்ளே வரும்போது ஒரு எடை, குலையைக் கொட்டிவிட்டு வெளியேறும்போது ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கழிவு, டன் விலை, கடைசியில் ஒரு சீட்டு. எழுதியவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். நிரல் மட்டும் நின்றுவிடாமல் ஓடும்.

அப்புறம் ஒருநாள் ஹார்ட் டிஸ்க் முனகும், அல்லது புதுக் கணினி வாங்குவார்கள். புதியதில் உபுண்டுவைப் போட்டால் நிரல் ஓடாது, ஏனென்றால் அது எழுதப்பட்ட பைத்தான் 2.7 புதிய உபுண்டுவில் இல்லை. "தம்பி, நீ குலிம் ஹைடெக்லதானே வேலை செய்யுற, கொஞ்சம் வந்து பாரேன்" என்று தவுக்கே (முதலாளி) கூப்பிடுவார். இந்த வழிகாட்டி அப்படிக் கூப்பிடப்படுகிறவர்களுக்கு. பைத்தான் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து பழக்கம் இருந்தால் இன்னும் நல்லது. கட்டளைகளை ஒலிப்பை வைத்துத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

எடுத்துக்காட்டு எடைமேடை என்றாலும், கோயில் கணக்கு, தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவு, கூட்டுறவுக் கடைப் பட்டியல் என்று எதற்கும் இதே வரிசைதான்.

டிஸ்ட்ரோ ஒரு பதிப்பை எடுத்துவிட்டது என்றால்

பைத்தான் 2.7 வெளிவந்தது 2010 ஜூலையில். 2015இல் முடித்துக்கொள்வதாக இருந்தார்கள். பலர் இன்னும் மாறவில்லை என்று 2020 வரை நீட்டித்தார்கள். 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதற்கு முன்பே சேர்த்துவைத்திருந்த திருத்தங்களோடு அந்த ஏப்ரலில் 2.7.18 வந்தது. அதுதான் கடைசி.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா, ஜென்டூ போன்ற லினக்ஸ் தொகுப்புகளைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். டிஸ்ட்ரோக்கள் அதே நாளில் கதவைச் சாத்திவிடவில்லை. 2021இல் வந்த டெபியன் 11இல் 2.7 இருந்தது. ஆனால் வேறு சில பேக்கேஜ்களை (டிஸ்ட்ரோ தரும் மென்பொருள் பொதிகளை) உருவாக்குவதற்கு மட்டும்தான் அதை வைத்திருந்தார்கள், பாதுகாப்புத் திருத்தம் கிடையாது என்று சொல்லியே வைத்திருந்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இல் அது இல்லை. உபுண்டு 22.04இல் உண்டு, 24.04இல் இல்லை. ஃபெடோரா நெடுநாள் இழுத்துப் பார்த்தது. ஜிம்ப் படச்செயலியின் பழைய நீட்சிகள் பைத்தான் 2ஐ நம்பியிருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 41ஆம் பதிப்பில் ஃபெடோராவும் எடுத்துவிட்டது.

எடுப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் எந்தப் பேக்கேஜை வேறு யாரும் நம்பியிருக்கவில்லையோ அது போகும். பிறகு அது நம்பியிருந்தவை. இப்படி நுனியிலிருந்து அடிநோக்கி வந்து, கடைசியில்தான் மொழியையே எடுப்பார்கள். டெபியன் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் தனித்தனியாகப் பிழை அறிக்கை பதிந்து, அவற்றுக்கு ஒரே குறிச்சொல்லைக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தது. ஜென்டூவில் நீக்கப்போகும் பேக்கேஜை முதலில் மறைத்துவைத்து, வழக்கமாக 30 நாள் அறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் நீக்குவார்கள். இந்த நுனியிலிருந்து அடிக்கு என்ற வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒற்றைக் கணினிக்கும் அதுதான் சரியான வரிசை.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. டிஸ்ட்ரோ ஒரு பதிப்பை எடுத்துவிட்டால் அது உங்கள் வட்டிலிருந்து தானாக மறைந்துவிடாது. பழைய உபுண்டுவிலிருந்து படிப்படியாக மேம்படுத்திய கணினியில் 2.7 அப்படியே உட்கார்ந்திருக்கலாம், நிரலும் ஓடலாம். ஆனால் அதற்கு இனி யாரும் திருத்தம் அனுப்பமாட்டார்கள், அதன் துணை நூலகங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கும். இப்படி அநாதையாக நிற்பவற்றைப் பார்க்க, பேக்கேஜ்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ஆப்ட் கருவியில் ஆப்ட் லிஸ்ட் என்று தட்டி, அலைக்குறியையும் ஓ என்ற எழுத்தையும் ஒற்றை மேற்கோளுக்குள் சேர்த்துக் கொடுங்கள். டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் இப்போது இல்லாத பேக்கேஜ்களின் பட்டியல் வரும்.

கை வைக்கக் கூடாத இடம்

வேலையைத் தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. பைத்தான் என்ற கட்டளை எந்தப் பதிப்பைக் கூப்பிடுகிறது என்பதை நீங்களாகக் குறுக்கிணைப்பு (சிம்லிங்க்) போட்டு மாற்றாதீர்கள். கணினிக்கென்றே இருக்கும் பைத்தான் 3ஐ நீக்கவும் நீக்காதீர்கள். உபுண்டுவின் எத்தனையோ உள்வேலைகள் அதன்மேல்தான் நிற்கின்றன. அதை நீக்கினால் டெஸ்க்டாப்பே கூடப் போய்விடும். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் ஆலோசனை இந்தக் குறுக்கிணைப்புதான். சரிபோலத் தெரியும், ஆனால் அடுத்த மேம்படுத்தலின்போது அது ஆப்ட்டையே குழப்பிவிடும்.

உங்கள் நிரலின் முதல் வரியில் வெறுமனே பைத்தான் என்று இருந்தால், பைத்தான் 3 என்று வெளிப்படையாக மாற்றுங்கள். அதைத் திருத்த வழியே இல்லாத சூழ்நிலைக்கு, பைத்தான்-ஈஸ்-பைத்தான்3 என்ற பேக்கேஜை உபுண்டுவே தருகிறது. குறுக்கிணைப்பு வேண்டும் என்றால் அதைப் பேக்கேஜ் வழியாகவே போடுங்கள்.

யார் யார் சாய்ந்திருக்கிறார்கள்

பழைய கணினியை அணைப்பதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டிய விஷயம் இது. டிஸ்ட்ரோ தந்த பேக்கேஜ்களில் எவை 2.7ஐ நம்பியிருக்கின்றன என்பதற்கு ஆப்ட்-கேஷ் ஆர்டிபெண்ட்ஸ் என்ற கட்டளை உண்டு. அதோடு, நிறுவியிருப்பவை மட்டும் என்ற இன்ஸ்டால்ட் விருப்பத்தையும் சேர்த்தால் பட்டியல் சுருங்கும்.

ஆனால் ஆப்ட்டுக்குத் தெரியாமல் ஓடுகிறவைதான் நமக்கு முக்கியம். குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவிடும் கிரான்டாப்பில் என்ன இருக்கிறது? இரவு பத்து மணிக்கு அன்றைய எடைப் பதிவை யூஎஸ்பி டிரைவில் நகலெடுக்கும் ஒரு நிரல் அங்கே ஒளிந்திருக்கலாம். டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான் எந்தக் கோப்பைக் கூப்பிடுகிறது? கணினி துவங்கும்போதே எதையாவது ஓடவிட்டிருக்கிறார்களா? கிரெப் கட்டளையால் ஹோம் ஃபோல்டர் முழுக்கப் பைத்தானைக் கூப்பிடும் முதல் வரிகளைத் தேடுங்கள். கிராணி (எழுத்தர்) அக்காவிடமும் கேளுங்கள். "மாசக் கடைசியில மட்டும் ஒரு பச்சை ஐகானை அமுக்குவேன் தம்பி" என்று அவர் சொல்லும் தகவல் எந்தக் கட்டளையிலும் வராது.

வட்டை முழுதாக ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குளோன்ஸில்லா போதும். இதைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, எடுக்காமல் மட்டும் தொடராதீர்கள்.

நடுவழி நிறுத்தம்

பழைய உபுண்டுவிலிருந்து நேராக 24.04க்குத் தாவ ஆசை வரும். தாவினால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அதனால் உங்கள் சொந்த லேப்டாப்பில் ஒரு மெய்நிகர் கணினியாக உபுண்டு 22.04ஐப் போடுங்கள். அதில் பைத்தான் 3.10 இயல்பாகவே உண்டு. பைத்தான் 2.7உம் யுனிவர்ஸ் களஞ்சியத்திலிருந்து ஆப்ட் வழியாகவே வரும். பழைய நடையைப் புதிய நடையாக மாற்றித்தரும் டூ-டு-த்ரீ கருவியும் அங்கே கிடைக்கிறது. இந்தக் கருவியைப் பைத்தான் 3.13இல் எடுத்துவிட்டார்கள், ஆகவே டெபியன் 13இல் உட்கார்ந்து அதைத் தேடாதீர்கள்.

பைத்தான் 2க்கான நூலகங்கள் 22.04இல் அநேகமாக இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நூலகங்களை நிறுவும் பிப் கருவியும் 21ஆம் பதிப்பிலிருந்து பைத்தான் 2ஐக் கைவிட்டது, 20.3.4தான் அதற்குக் கடைசி. நமக்கு அது பெரிய தடையில்லை. ஒப்பிடும் வேலைக்குக் கணக்கு போடும் பகுதி ஓடினால் போதும், சீரியல் கேபிளோடு பேசும் பகுதி தேவையில்லை.

முதலில் பழைய நிரலைப் பைத்தான் 2.7இலேயே, கழித்தல் குறியும் 3உம் சேர்த்த விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். மூன்றுக்குப் போனால் எது மாறும் என்பதை ஓடும்போதே எச்சரிக்கும். முழு எண் வகுத்தல் நடக்கும் வரிகளையும் காட்டிக்கொடுக்கும். அந்த எச்சரிக்கைகளை ஒரு கோப்பில் சேமித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு டூ-டு-த்ரீயை ஓட்டுங்கள். அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட், ரா-இன்புட், ஹேஸ்-கீ, பழைய பாணி எக்செப்ட் எல்லாவற்றையும் அது மாற்றித்தரும். மாற்றாமல் ஏதாவது விட்டிருந்தால், பைத்தான் 3 பெரும்பாலும் அந்த வரியிலேயே நின்று கத்தும். கத்துகிற பிழைகளுக்காக நான் கவலைப்படுவதில்லை. ஒரு சாயங்காலத்தில் தீர்ந்துவிடும்.

சத்தமில்லாமல் மாறும் கணக்கு

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். நிரல் ஓடும், சீட்டு வரும், எண் மட்டும் தப்பாக இருக்கும். குலை கொண்டுவந்தவருக்கும் தெரியாது, தவுக்கேவுக்கும் தெரியாது.

வகுத்தலை எடுத்துக்கொள்வோம். பைத்தான் 2இல் 7ஐ 2ஆல் வகுத்தால் 3. பைத்தான் 3இல் 3.5. படித்தால் சின்ன விஷயம். நம் நாட்டில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கொடுக்கும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சுற்றுகிறோம் அல்லவா? பழைய நிரலில் அதை இப்படி எழுதியிருப்பார்கள்: தொகையைச் சென்னாக்கி, 2ஐக் கூட்டி, 5ஆல் வகுத்து, மறுபடி 5ஆல் பெருக்கு. 12 ரிங்கிட் 36 சென் என்றால் 1236, கூட்டினால் 1238. பைத்தான் 2 வகுத்தால் 247, பெருக்கினால் 1235. சரியான விடை. அதே வரி பைத்தான் 3இல் 247.6 என்று வகுத்து, பெருக்கி மறுபடி 1238ஐக் கொடுக்கும். சுற்றுவதற்குப் பதிலாக ஒவ்வொரு சீட்டிலும் 2 சென் கூடிக்கொண்டே போகும். டூ-டு-த்ரீ இந்த வரியைத் தொடாது. அதைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் இரட்டைச் சாய்கோடு வகுத்தலை நீங்களே போட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான சங்கதியும் உண்டு. கழிவு 3 விழுக்காடு என்று வையுங்கள். எழுதியவர் அடைப்புக்குறிக்குள் 3ஐ 100ஆல் வகுத்து, அதை எடையோடு பெருக்கியிருந்தால், பைத்தான் 2இல் அது சுழியம். அதாவது இத்தனை ஆண்டுகளாக அந்த வகைக் கழிவு பிடிக்கப்படவே இல்லை! பைத்தான் 3க்கு மாறிய அன்று காலையிலிருந்து 10 டன்னுக்கு 300 கிலோ திடீரென்று குறையும். இதைக் கண்டுபிடித்தால் நீங்களாகத் திருத்தாதீர்கள். நிரல் புதியதாக இருந்தாலும் விடை பழையபடியே வருமாறு எழுதிவிட்டு, தவுக்கேவிடம் காகிதத்தில் காட்டுங்கள். பிடிப்பதா, விடுவதா, பிடித்தால் எந்தத் தேதியிலிருந்து, சிறு தோட்டக்காரர்களுக்கு யார் சொல்வது என்பதெல்லாம் அவர் பாடு. பதிப்பு மாற்றத்தோடு கொள்கை மாற்றத்தையும் கலந்துவிட்டால், பிறகு எது எதனால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ரவுண்ட் என்ற செயற்கூறும் நடத்தை மாறிவிட்டது. பைத்தான் 2இல் 2.5ஐச் சுற்றினால் 3. பைத்தான் 3இல் 2. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது புதிய விதி. பணக் கணக்கில் இதை அப்படியே விடக் கூடாது. டெசிமல் என்ற நூலகத்தைப் பயன்படுத்தி, பாதி வந்தால் மேலே என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது எடைக்காட்டி அனுப்பும் எழுத்துகள். சீரியல் கேபிள் வழியே வருவது பைத்தான் 3இல் சரமாக வராது, பைட்டுகளாக வரும். பல எடைக்காட்டிகள், எடை ஆடாமல் நின்றுவிட்டது என்று சொல்ல எஸ், டி என்ற இரண்டு எழுத்துகளை முன்னால் அனுப்பும். முதல் இரண்டு எழுத்தை வெட்டி எடுத்து அவற்றோடு ஒப்பிடும் வரி, பைத்தான் 3இல் எப்போதுமே பொய் என்றே சொல்லும். பிழைச் செய்தி வராது. லோரி மேடையில் நிற்கும், திரையில் "காத்திருக்கவும்" என்று இருக்கும், பின்னால் வரிசை நீளும். இதைப் பிடிக்க நல்ல உபாயம் ஒன்று இருக்கிறது. சோதிக்கும்போது பைத்தான் 3ஐக் கழித்தல் குறியும் இரண்டு பி எழுத்தும் சேர்த்து ஓட்டுங்கள். பைட்டையும் சரத்தையும் ஒப்பிடும் இடத்தில் எல்லாம் பிழை சொல்லி நிற்கும். திருத்தம் எளிது, வரி வந்தவுடனேயே ஆஸ்கி எழுத்துகளாக மாற்றிவிட்டு, அதன்பின் எல்லாவற்றையும் சரமாகவே கையாளுங்கள்.

முனியம்மாவின் பெயர்

தமிழ்ப் பெயர்கள் உள்ள நிரல்களுக்கு மட்டுமே வரும் தொல்லை இது. ஆங்கில வழிகாட்டிகளில் தேடினாலும் சரியாகக் கிடைக்காது.

முனியம்மா என்ற பெயரில் நாம் எண்ணினால் 5 எழுத்து. யூனிகோடில் அது 9 குறிகள், ஏனென்றால் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். யூடிஎஃப்-8ஆகக் கோப்பில் எழுதினால் 27 பைட்டுகள். பைத்தான் 2இல் சாதாரணச் சரத்தின் நீளத்தைக் கேட்டால் 27 என்று சொல்லும். பைத்தான் 3 9 என்று சொல்லும். 5 என்று இரண்டுமே சொல்லாது.

பழைய நிரலில் பெயர்ப் பத்திக்கு 60 என்று ஓர் எண் இருந்தால், அது உண்மையில் 20 குறிகளுக்கு விட்ட இடம். பைத்தான் 3இல் அதே 60, 60 குறிகளுக்கு இடம் விடும். அச்சில் எடைப் பத்தி தாளுக்கு வெளியே போய்விடும். 20 என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெட்டும் இடம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முனியம்மாவை 8 குறியில் வெட்டினால் கால் போய் "முனியம்ம" என்று நிற்கும். பைத்தான் 2 பைட் கணக்கில் ஒரு குறியின் நடுவே வெட்டினால் பெயரின் முடிவில் ஒரு கட்டமோ கேள்விக்குறியோ விழும், தப்பு என்று கண்ணுக்குத் தெரியும். பைத்தான் 3 வெட்டுவது கண்ணுக்கு நல்ல பெயர் போலவே இருக்கும், அதனால்தான் இன்னும் கவனம் வேண்டும். வெட்டிய இடத்துக்கு அடுத்த குறி ஒரு துணைக்குறியாக இருந்தால், அந்த எழுத்தையே முழுதாக விட்டுவிடும்படி எழுதுங்கள். யூனிகோட்-டேட்டா என்ற நூலகத்தில் ஒவ்வொரு குறியின் வகையையும் கேட்கலாம். எம் என்ற எழுத்தில் தொடங்கும் வகை என்றால் அது துணைக்குறி.

கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெயர்ப் பட்டியல் முரசு அஞ்சல் காலத்து டிஸ்கி குறியாக்கத்தில் இருந்தால், பைத்தான் 3 அதை யூடிஎஃப்-8ஆகப் படிக்க மறுத்துப் பிழை சொல்லும். டிஸ்கியைப் படிக்கும் வசதி பைத்தானோடு வருவதில்லை. தனியாக ஒரு மாற்றியால் முதலில் யூனிகோடாக்கிவிட்டு வாருங்கள்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைப்பது

இவ்வளவையும் நிரலைப் படித்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பழைய கணினியில் உள்ள நிரலில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: எடைக்காட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வரியையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதமாவது அது சேரட்டும். மாதக் கடைசியில் அமுக்கும் அந்தப் பச்சை ஐகானும் அதற்குள் ஒருமுறை வந்துவிடும். கூடவே அந்த மாதம் அச்சான சீட்டுகளையும் சேமியுங்கள்.

இப்போது அந்தக் கோப்பை உங்கள் 22.04இல் பழைய நிரலுக்கு ஒருமுறை, புதிய நிரலுக்கு ஒருமுறை கொடுத்து, வரும் சீட்டுகளை டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். பழைய நிரல் அங்கே தருவது உண்மையில் அச்சான சீட்டோடு பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் உங்களிடம் இருப்பது உண்மையில் ஓடிய நிரலே இல்லை, ஏதோ பழைய நகல். இப்படி நடப்பது அபூர்வம் இல்லை.

வித்தியாசம் வந்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிய வேண்டும். "ரெண்டு சென்தானே" என்று விடாதீர்கள். அந்த இரண்டு சென்னுக்குப் பின்னால் மேலே சொன்ன வகுத்தல்தான் உட்கார்ந்திருக்கும்.

மாற்றும் நாள்

சம்பள வாரத்திலோ குலை அதிகம் வரும் பருவத்திலோ மாற்றாதீர்கள். புதுக் கணினியில் உபுண்டு 24.04ஐயோ டெபியன் 12ஐயோ போடுங்கள். சீரியல் கேபிளோடு பேச உதவும் பைசீரியல் மாதிரி நூலகங்களைப் பிப் வழியாக நேரடியாக நிறுவப் போனால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி அது மறுத்துவிடும். டெபியன் 12இலும் உபுண்டு 23.04 முதலும் இப்படித்தான். கட்டாயப்படுத்தும் விருப்பத்தைக் கொடுத்து அதை உடைக்காதீர்கள். ஆப்ட்டிலேயே அந்த நூலகம் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பைசீரியல் இருக்கிறது. இல்லாதவற்றுக்கு வென்வ் கருவியால் நிரலுக்கென்று ஒரு தனிச் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். நான் முதல் வழியைத்தான் விரும்புவேன். டிஸ்ட்ரோவின் திருத்தங்கள் தானாக வந்துசேரும், அடுத்து வருகிறவருக்கும் புரியும்.

கிராணி பயன்படுத்தும் கணக்கை டயல்-அவுட் குழுவில் சேர்க்க மறந்தால் சீரியல் போர்ட் திறக்காது. இன்னொரு தொல்லை, யூஎஸ்பி வழியாகச் செருகும் மலிவான சீரியல் இணைப்பிகள். உபுண்டு 22.04இல் சிஎச்340 சில்லு உள்ள இணைப்பியைச் செருகினால், போர்ட் தோன்றிய வேகத்தில் மறைந்துவிடுவது உண்டு. பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளைக் கவனிக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற பேக்கேஜ் அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொள்கிறது. அந்தக் கணினியில் பிரெய்ல் திரை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பேக்கேஜை நீக்கிவிடலாம். இது பைத்தானோடு சம்பந்தமே இல்லாத கோளாறு. ஆனால் மாற்றும் அன்று வந்தால் பழி முழுக்கப் புதுப் பைத்தான்மேல் விழும்.

பழைய கணினியை உடனே தூக்கிப் போகாதீர்கள். அணைத்து, மேசைக்கு அடியில் வையுங்கள். கேபிளை மாற்றிச் செருகினால் பத்து நிமிடத்தில் பழையபடி எடை போட முடியும் என்ற நிலையில் ஒரு மாதக் கடைசியைத் தாண்டட்டும்.

கடைசியாக நீக்குவது

பழைய கணினியையே மேம்படுத்திப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. உபுண்டுவில் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற முடியும்: 20.04, 22.04, 24.04. டெபியனிலும் ஒன்றைத் தாண்டிக் குதிப்பதற்கு ஆதரவு இல்லை. ஏறுமுன் ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் என்று கேட்டுப் பாருங்கள். நிரல் எழுதியவர் ஏதாவது பேக்கேஜைப் பிடித்துவைத்திருந்தால் மேம்படுத்தல் பாதியில் இடறும்.

நீக்கும்போது முதலில் ஆப்ட்-கெட் ரிமூவ் கட்டளையைக் கழித்தல் எஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள். எதையும் தொடாமல், என்னென்ன போகும் என்று மட்டும் சொல்லும். அந்தப் பட்டியலில் பைத்தான் 2 என்ற பெயரோடு தொடர்பில்லாத ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு அதை ஆராயுங்கள். மரத்தை வேரோடு சாய்க்குமுன் மேல் கிளைகளைக் கழிப்பதுபோல, முதலில் பழைய நூலகங்கள், பிறகு மொழி. அதன்பின் ஆட்டோரிமூவ். அதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சரி என்று சொல்ல வேண்டும்.

நிரலின் மூலமே தொலைந்துபோய், பைத்தான் அதிலிருந்து தொகுத்துவைத்த பிஒய்சி கோப்பு மட்டும் இருக்கிறதா? அது பைத்தான் 2க்கே உரியது, 3இல் ஓடாது. அப்படிப்பட்ட இடத்தில் பழைய டிஸ்ட்ரோவை ஒரு கன்டெய்னருக்குள் வைத்து, இணையத்தை முழுக்கத் துண்டித்து ஓட்டலாம். டெபியனின் பழைய பதிப்புகள் அதன் காப்பகத் தளத்தில் கிடைக்கும். இதைத் தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் தொடங்குவார்கள், ஆனால் நிரந்தரமாகிவிடும். ஆகவே தொடங்கும்போதே புதிதாக எழுதுவதற்கு எவ்வளவு ஆகும் என்பதையும் தவுக்கேவிடம் சொல்லிவிடுங்கள்.

தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் தளம், கோயில் நன்கொடைப் பட்டியல் போன்றவை பிஎச்பியில் இருந்தால், பழைய மைசீக்வல் செயற்கூறுகள் பிஎச்பி 7இலேயே போய்விட்டன. டெபியன் 12இல் இருப்பது 8.2. வேலையின் வரிசை ஒன்றுதான்.

அடுத்த முறை

பைத்தான் 3க்கு வந்துவிட்டதால் கதை முடிந்துவிடாது. 3.9 முதல் ஆண்டுக்கு ஒரு பதிப்பு, அக்டோபர் மாதத்தில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆயுள். 3.8க்கு 2024 அக்டோபரில் முடிந்தது, 3.9க்கு 2025 அக்டோபரில். 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் போனது. 3.13இல் சிஜிஐ, டெல்நெட் உட்பட 19 பழைய நூலகங்கள் ஒரேயடியாகப் போயின. ஆனால் வகுத்தலும் சரமும் மாறியதுபோல இவை சத்தமில்லாமல் மாறுகிறவை இல்லை, நூலகம் இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிடும். சோதிக்கும்போது எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் டபிள்யூ விருப்பத்தோடு ஓட்டினால், அடுத்த பதிப்பில் என்ன போகப்போகிறது என்பது இப்போதே தெரியும்.

உபுண்டு 24.04இல் உள்ள 3.12க்குப் பைத்தான் குழுவின் ஆதரவு 2028 அக்டோபர் வரை. உபுண்டு தன் பங்குக்கு 2029 வரை திருத்தம் தரும். இந்த இரண்டு ஆண்டுகளையும், எடைக்காட்டியின் வரிகள் சேமிக்கப்படும் கோப்பு எங்கே இருக்கிறது என்பதையும், ஒப்பிடும் கட்டளையையும் ஒரு தாளில் எழுதிக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். உங்கள் பெயரையும் போடலாம். போட்டால் மற்ற ரேம்ப்புக்காரர்களும் கூப்பிடுவார்கள், அது உங்கள் விருப்பம்.